ரூட் கேனல்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறேகால்.
வீட்டில் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன்.
கெல்லீஸில் சாவிக் கடைக்கு மேலே
மூன்றாவது மாடி,
பலகையில் பெயர் மட்டும்: ஹெப்சிபா.
எதற்கான டாக்டர் என்று எழுதாததில்
எனக்கொரு நிம்மதி.

லிஃப்ட் இருக்கிறது.
எங்கள் கம்பெனி லிஃப்ட்தான், பழைய மாடல்,
கதவு சாத்தும்போது இருமும்.
பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் நான்.
படியேறிப் போகிறேன்.

முதல் நாள் நான் பார்த்ததெல்லாம்
ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்,
அதன் கீழே பச்சை பக்கெட்,
எனக்குக் கை எட்டும் தூரத்தில்
டிஷ்யூ டப்பா.
பார்த்ததும் கோபம் வந்தது.
அழுவேன் என்று இந்தம்மாவிடம் யார் சொன்னது?
ஐம்பது நிமிஷமும்
மீட்டர் ஏறுவதையே பார்க்கிற ஆட்டோ சவாரியாக
உட்கார்ந்திருந்தேன்.
எண்ணூறு ரூபாய்.

தணிகைவேல் விழுந்தது மார்ச்சில்.
முகப்பேர், எட்டு மாடிக் கட்டடம்.
நாலாவது மாடியில் கதவு திறந்தது,
பெட்டி வரவில்லை.
முந்தின நாள் சர்வீஸ் நோட்டில்
கையெழுத்து என்னுடையது.

கம்பெனி விசாரித்து, எழுதி, ஃபைலை மூடியது.
உன் தப்பு இல்லப்பா என்றார்கள்
சூப்பர்வைசர், யூனியன் ஆட்கள், என் மச்சான்.
தணிகையின் பெண்சாதியே சொன்னாள்,
காரியத்தன்று, காபி டம்ளரை நீட்டியபடி.
ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல
சோப்புத் துண்டுபோலத் தேய்ந்து
என் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

ஹெப்சிபா அதைச் சொல்லவேயில்லை.
ஐந்தாவது வாரம் கேட்டார்:
"அன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?"

இதற்கா எண்ணூறு என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.
பொங்கல். ரெண்டு வடை.
ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு.
அவன் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
தட்டு ஓரத்தில் வரிசையாக வைப்பான்.
அன்றைக்குப் பதினொன்று.
"டீம் ரெடி" என்றான்.

விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை.
ஏழு மாதமாக அந்தப் பதினொரு மிளகை
நான் ஒருவனே வைத்திருந்தேன்.

பக்கெட்டில் சொட்டு விழுந்தது.
டிஷ்யூ டப்பா என் மடியில் இருந்தது,
எப்போது எடுத்தேனோ.

பிறகு ஒரு வாரம்
"கொன்னுட்டேன் மேடம்" என்றேன்.
மறுக்கவில்லை, தலையாட்டவுமில்லை.
"நீங்க கையெழுத்துப் போட்டதுக்கும்
அவர் கதவைத் திறந்ததுக்கும் நடுவுல
ஒரு ராத்திரி இருக்கே.
அதுல என்ன நடந்துது?"
தெரியாது.
"இன்னொரு தடவை சொல்லுங்க."
தெரியாது.
பத்தொன்பது வருஷத்தில் எந்த அபார்ட்மெண்டிலும்
நான் வாயால் சொல்லாத வார்த்தை.
மெக்கானிக் அப்படிச் சொல்லக்கூடாது.
சொன்னேன். தொண்டை எரிந்தது.

அதோடு சரியாகிவிடவில்லை.
அடுத்த வாரம் கனவு இன்னும் மோசம்.
அதற்கடுத்த வியாழன் மேலேயே போகவில்லை,
கீழே சாவிக் கடையில் நின்று
தேவையில்லாத ஒரு டூப்ளிகேட் சாவி அடித்துக்கொண்டு
வீட்டுக்குத் திரும்பினேன்.
கடைக்காரர் "எந்தப் பூட்டுக்கு சார்?" என்றார்.
அவரிடமும் தெரியாது என்றேன்,
சுலபமாக வந்தது.

நேற்று ராத்திரி புனிதா
பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள்.
"ஒரு பல்லுக்கு மூணு மாசமா?
வாயைத் தொற, பாக்கலாம்."
செல்போன் டார்ச்சை அடித்தாள்.
திறந்தேன்.
மேல் வரிசை, கீழ் வரிசை, கடைவாய்,
எல்லாம் நிதானமாகப் பார்த்தாள்.
"நல்லாத்தானே இருக்கு?"

திறந்த வாயைச் சரியாக மூடாமலே சொன்னேன்,
"தணிகை மிளகு திங்க மாட்டான், தெரியுமா?"
டார்ச்சை அணைத்துவிட்டுப்
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
தெருவில் தண்ணி லாரி வந்து, ஆரன் அடித்து,
குடங்களெல்லாம் ஓடி, போயும் விட்டது.
நாங்கள் எழுந்திருக்கவில்லை.

இன்றைக்கு வியாழன்.
லிஃப்டுக்குள் நிற்கிறேன்.
கதவு இருமியது. சுவரில் கை வைத்திருந்தேன்,
மோட்டார் அதிர்வு விரலில் ஏறியது,
பேரிங்கில் கொஞ்சம் சத்தம்,
யாராவது கிரீஸ் வைக்க வேண்டும்.
முதல் மாடியில் இறங்கிவிட்டேன்.

மிச்சம் ரெண்டு மாடி
படியில்தான்.